கூரை திறக்கும் காரில் உடும்பஞ்சோலைக்கு

அண்ணி என்னிடம் கேட்டது ஒரு பட்டியல்.

ஜெர்மனியிலிருந்து இரண்டு வார விடுமுறையில் நான் கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய எங்கள் ஊரான வடகரப்பதிக்கு வந்த மூன்றாம் நாள் அந்தப் போன் வந்தது. அண்ணி ரேவதி அப்போது மூணாறுக்கு அப்பால் மலையில் இருக்கும் உடும்பஞ்சோலையில், தன் அப்பா வீட்டில் இருந்தார். ஒன்றரை வயதுக் குழந்தை யாழினியைத் தூக்கிக்கொண்டு அங்கே போய் ஒன்றரை மாதம் ஆகியிருந்தது.

"மதி, நீ இன்ஜினியரு. அந்தக் காரால என்ன நல்லது, என்ன கெட்டதுன்னு ஒண்ணுவிடாம எழுதிக் கொண்டா. உங்க அண்ணன் சொன்னா நம்ப மாட்டேன். நீ எழுதுனா நம்புவேன். அதப் பாத்துட்டு வர்றதா இல்லையான்னு சொல்றேன்."

காரால் சண்டை என்பது மட்டும் எனக்குத் தெரியும். என்ன நடந்தது என்று யாரும் சொல்லவில்லை. அம்மாவைக் கேட்டால், "அதெல்லாம் பெருசில்ல கண்ணு, போயிக் கூட்டியாந்தாச் செரியாப் போயிரும்" என்று பாத்திரம் கழுவப் போய்விடுவார். அண்ணன், "கார்ல ஒரு சின்னக் கோளாறு, அவ்வளவுதான்" என்றான்.

எங்கள் வீட்டு வழக்கப்படி, கோபித்துக்கொண்டு போன மருமகளைக் கணவனும் அவன் தங்கையும் சீர்த் தட்டுகளோடு போய் அழைக்க வேண்டும். தட்டை வாங்கி உள்ளே வைத்தால் பெண் வருகிறாள். நான் ஊரில் இல்லாததால் அழைப்பு அத்தனை நாள் தள்ளிப் போயிருந்தது. அந்தச் சண்டைக்குக் காரணமான அதே காரில்தான் போக வேண்டும் என்று அண்ணன் ஒற்றைக்காலில் நின்றான்.

"ஏஞ்சாமி, ஊருல வேற வண்டியே கெடைக்கலியா?" என்றார் அம்மா.

"அதுலதானுங்மா போவோணும். எப்படி ஓடுதுன்னு அவ பாக்கோணுமல்லோ?"

காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கூரை திறக்கும் கார்களில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் துணிக்கூரை. மற்றதில் இரும்புக்கூரை, பொத்தானை அழுத்தினால் கூரை இரண்டாக மடிந்து பின்னால் சாமான் வைக்கும் டிக்கிக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். அண்ணன் வைத்திருப்பது இரண்டாம் வகை. கொச்சியில் ஒருவரிடம் பழசாக வாங்கினான். ஊரில் அதற்கு மொட்டைக் கார் என்று பெயர். வடகரப்பதியில் தென்னையும் நிலக்கடலையும் பயிர்செய்கிறவனுக்கு இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று எல்லோரும் கேட்டார்கள். இரண்டு வருடம் முன்பு, என்னோடு வேலை செய்கிறவளின் காரில் போனபோது, கூரை திறப்பதை வீடியோ எடுத்து அவனுக்கு அனுப்பியவள் நான்தான். நான் வேலை செய்வது கார்க் கதவுக்கான கீல்கள் செய்யும் ஆலையில். அந்த மடிப்பு எனக்கு அழகாகத் தெரிந்தது. இதை நான் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

முதல் நாள் காலை ராகிக் களியும் கீரைக் கடைசலும் சாப்பிட்டுக் கிளம்பினோம். அம்மா ஏழு தட்டுகள் கட்டியிருந்தார்: வாழைப்பழம், ஆப்பிள், தேங்காய், வெற்றிலை பாக்கு, பூ, சேலை, குழந்தைக்குச் சட்டை. ஏழும் டிக்கியில் நன்றாக உட்காரும், கூரையைத் திறக்காத வரை. திறந்தால் கூரை வந்து படுக்கிற இடமும் அதுதான். அண்ணன் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. ஏழு தட்டுகளையும் பின் சீட்டில் அடுக்கி, பெல்ட் போட்டுவிட்டான். அங்கே இருந்த யாழினியின் இருக்கை கழற்றப்பட்டு வீட்டுக்குள் போயிற்று.

"பாப்பா எங்கே உட்காரும்?" என்றேன்.

"வர்றப்பத் தட்டு இருக்காதல்லோ அம்மிணி? அந்த எடத்துல உக்காந்துக்கும். அவங்க ஊட்டு இருக்கை ஒண்ணு அங்க கெடக்குது."

நோட்டை எடுத்துப் பக்கத்தை இரண்டாகக் கோடிட்டேன். கெட்டது, ஒன்று: கூரைக்கும் சாமானுக்கும் ஒரே இடம். நியாயமாக இருக்க வேண்டுமே என்று மறுபக்கமும் எழுதினேன். நல்லது, ஒன்று: மூடியிருக்கும்போது இது முழுக் கார், துணிக்கூரை போல் காற்று இரையாது, யாரும் கத்தியால் கிழிக்க முடியாது.

எல்லையில் கேரளச் செக்போஸ்ட்டில் நிறுத்தினார்கள். காகிதம் எதுவும் கேட்கவில்லை. காவலர் மலையாளத்தில், "இது திறக்கும் என்று சொன்னார்களே, உண்மையா?" என்றார். அண்ணன் இறங்கி நின்று திறந்து காட்டினான். பின்னால் தேங்காய் லாரிகள் ஹாரன் அடித்தன. அரை கிலோமீட்டர் தள்ளித் தமிழ்நாட்டுச் செக்போஸ்ட். அங்கிருந்தவர், "தொறந்ததப் பாத்துட்டேங்க, மூடறதக் காமிங்க" என்றார். மூடிக் காட்டினான். ஏழு தட்டுகளையும் எண்ணிப் பார்த்து, "கல்யாணங்களா?" என்று கேட்டார். அண்ணன், "ஆமாங்க" என்றான்.

நல்லது, இரண்டு: முன்பின் தெரியாதவர்கள் சிரித்த முகத்தோடு பேசுகிறார்கள். அதையே கெட்டது பக்கத்திலும் எழுதலாம். எழுதினேன்.

பொள்ளாச்சி தாண்டியதும் கூரையைத் திறந்தான். ஒன்பதரை மணி வெயிலில் இருக்கை அடுப்பாகியிருந்தது. தென்னந்தோப்புகளுக்குள் போகும்போது மட்டை விழும். முன்னால் வைக்கோல் லாரி போனால் வாயெல்லாம் வைக்கோல். சின்னாறு காட்டு எல்லையில் வனக்காவலர் மலையாளத்தில் கையை ஆட்டிச் சொன்னார்: "மூடுங்கள், மூடுங்கள். யானை தட்டிக் கேட்டுவிட்டு உள்ளே வராது." ஜெர்மனியில் நான் இருக்கிற ஊரில் கோடைக்காலம் முழுக்கக் கூரையை மறந்துவிடுகிறார்கள். எங்கள் பக்கத்தில் வெயில், மழை, தூசி, தென்னை, யானை ஆகியவற்றைக் கழித்தால் காலை ஆறிலிருந்து எட்டு மணி வரை மிஞ்சுகிறது. அந்த நேரத்தில் அண்ணன் மோட்டார் போட்டுத் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருப்பான். இதைக் கெட்டது மூன்றாக எழுதினேன்.

அன்று மறையூரில் தங்கினோம். வேகவைத்த கப்பைக் கிழங்கும் காந்தாரி மிளகாய்ச் சம்மந்தித் துவையலும் கிடைத்தன. கண்ணில் நீர் வரச் சாப்பிட்டோம். கரும்புச் சாறு காய்ச்சும் கொட்டகையில் அண்ணன் சூடான உருண்டை வெல்லம் வாங்கி, காகிதத்தில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டான்.

"ரேவதிக்கு இதுன்னாப் புடிக்கும்."

"போனதும் என்ன பேசப்போற?"

"கூரை இப்பச் செரியா வேல செய்யுதுன்னு சொல்லுவேன். மூணு வாரமா ஒருக்காக்கூட நிக்கல."

"வேற?"

"வேற என்ன? அதுதானே பிரச்சனை?"

அவன் முகத்தைப் பார்த்தேன். உண்மையாகவே கேட்டான்.

இரண்டாம் நாள் பகல் பன்னிரண்டு மணிக்குள் வந்துசேர வேண்டும் என்று அண்ணி சொல்லியிருந்தார். அவருடைய பெரியப்பாவும் மாமாவும் போடியிலிருந்து மலையேறி வருவார்கள். அவர்கள் முன்னால்தான் பேச்சு. அவர்கள் நான்கு மணிப் பஸ்ஸில் மலையிறங்கியாக வேண்டும். "நேரத்த மட்டும் தவற விட்டுறாத மதி. அவங்கள இன்னொரு தடவ கூப்புட முடியாது" என்றார். நான் சரி என்றேன். நேரத்தில் நான் கெட்டி.

மூணாறில் வெயில் அடித்தது. இளவெயில், குளிர்ந்த காற்று. அண்ணன் கேட்காமலே திறந்தான். ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே கூரை இல்லாமல் போவது போல் ஒன்றை நான் வேறெங்கும் அனுபவித்ததில்லை. சாதாரணக் காரில் மலை ஜன்னல் அளவுக்குத்தான் தெரியும். இதில் உச்சி வரை தெரிகிறது. ஆலையிலிருந்து வறுத்த தேயிலை வாசனை இறங்கி வந்தது. ஒரு மேகம் ரோட்டைக் கடந்து எங்கள் முகத்தில் ஈரமாகப் பட்டுப் போயிற்று. அண்ணன் சிரித்தான். சின்ன வயதில் டிராக்டர் மேல் உட்கார்ந்து சிரித்த அதே சிரிப்பு. நோட்டில் எழுதினேன்: நல்லது, மூன்று: மேலே பார்க்கலாம்.

தேவிகுளம் வழியில் மண் சரிந்து பாதையை அடைத்திருந்ததால் பள்ளிவாசல் பக்கமாகத் திருப்பிவிட்டார்கள். மின்நிலையத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகும் பெரிய குழாய்கள் மலையிலிருந்து இறங்குகிற இடத்தில் மழை பிடித்தது. தூறல் என்ற முன்னறிவிப்பெல்லாம் கிடையாது. வாளியைக் கவிழ்த்தது போல் கொட்டியது. அண்ணன் ஓரங்கட்டிப் பொத்தானை அழுத்தினான். டிக்கி மூடி பின்னால் திறந்தது. கூரை எழுந்தது. நட்ட நடுவில், வானத்தைப் பார்த்துக்கொண்டு, நின்றுவிட்டது.

மறுபடி அழுத்தினான். டக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

எதிரே ஒரு டீக்கடை. இடுப்பில் பிளாஸ்டிக் தாள் சுற்றிய தோட்டத்துப் பெண்கள் நாலைந்து பேர் மழைக்கு ஒதுங்கி நின்றார்கள். கடைக்கார அக்கா ஓடிவந்து, தட்டுகளைத் தூக்க உதவினார். சேலைத் தட்டு ஏற்கெனவே நனைந்திருந்தது.

"என்னத்தா இது, வாயப் பொளந்துக்கிட்டு நிக்கிது?" என்றாள் ஒருத்தி.

"கூரை மூடலைங்க அக்கா."

"படுக்கவும் மாட்டேங்குது, எந்திரிக்கவும் மாட்டேங்குது. எங்க வீட்டு ஆளு சம்பளத்தன்னைக்கு இப்படித்தேன் நிப்பாரு" என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மணி ஒன்பது. அரை மணியில் முடித்தால்கூட நேரத்துக்குப் போய்விடலாம்.

என் கைப்பையையும் தட்டுகளோடு கடையில் வைத்துவிட்டு, தலையில் ஒரு படுதாவைப் போர்த்திக்கொண்டு வேலையில் இறங்கினேன். முதலில் ஃபியூஸ். நன்றாக இருந்தது. எண்ணெய் மட்டம் சரி. டிக்கியில் சாமானுக்கும் கூரைக்கும் நடுவே இழுத்துவிடும் தடுப்பும் சரியாக இருந்தது. மோட்டார் சுற்றியது. மனதுக்குள் ஒவ்வொன்றாக அடித்துவிட்டுக்கொண்டே போனேன். சொன்னால் வெட்கம்தான்: எனக்கு அது பிடித்திருந்தது. ஜெர்மனியில் நான் திரையில் பார்க்கிற கீல்கள் இங்கே கைக்கடியில், கிரீஸோடு, உயிரோடு இருந்தன.

"பாப்பா, ஒம் போன் அடிக்கிது" என்று கடையிலிருந்து அக்கா கத்தினார்.

"இருக்கட்டும்க்கா. ஒரு நிமிஷம்."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி. "அடிக்கிதுத்தா. அண்ணின்னு எழுதியிருக்கு."

"ஒரு நிமிஷம்க்கா!"

கண்ணாடிச் சட்டத்தின் மேல் விளிம்பில் இரண்டு துளைகள் இருக்கும். கூரையின் கொக்கிகள் அதில் வந்து மாட்டும். உள்ளே துளைக்கொரு குட்டி ஸ்விட்ச். கொக்கி அழுத்தினால் 'கூரை பூட்டியாயிற்று' என்று காருக்குச் செய்தி போகும். இடது துளையில் ஸ்விட்ச் அழுந்தியபடியே ஒட்டிக்கொண்டிருந்தது. கூரை பூட்டியிருப்பதாகக் கார் நம்பிக்கொண்டிருக்கிறது. பூட்டிய கூரையை எதற்கு மூட வேண்டும்? நின்றுவிடுகிறது. அண்ணன் டார்ச் பிடித்தான். குண்டூசியால் சுரண்டினேன். மஞ்சளாக, களியாக ஏதோ வந்தது. பின்னால் சிவப்பு. முகர்ந்து பார்த்தேன். சந்தனமும் குங்குமமும்.

ஆயுத பூஜைக்கு வைத்தது. எங்கள் பக்கத்தில் காய்ந்து பொடியாகக் கிடந்திருக்கும், ஒன்றும் செய்யாது. ஈரக்காற்று பட்டதும் இளகி ஸ்விட்ச்சைப் பிடித்துக்கொள்ளும். மழை பெய்தால் மட்டும் நிற்கிற கோளாறு. பட்டறைக்குக் கொண்டுபோனால் வெயிலில் ஒழுங்காக வேலை செய்யும். எந்த மெக்கானிக்காலும் கண்டுபிடித்திருக்க முடியாது.

"உங்கண்ணிதான் வெச்சா" என்றான் அண்ணன். குரலே மாறிவிட்டது. "எல்லாக் கீலுக்கும் வெச்சா. எழுதிக்க அம்மிணி. மொதல் வரியா எழுது. காரு மேல தப்பே இல்லையல்லோ?"

துடைத்து, எண்ணெய் விட்டு, கழற்றிய சட்டத்தைப் பூட்டி, ஐந்து முறை திறந்து மூடிப் பார்த்தோம். தோட்டத்துப் பெண்கள் கைதட்டினார்கள். கைகழுவிக்கொண்டு பாலில்லாத கட்டன் சாயாவும் உப்பு பிஸ்கட்டும் வாங்கி உட்கார்ந்து, நோட்டில் நிதானமாக எழுதினேன்: கோளாறின் காரணம், இடது பூட்டு ஸ்விட்ச்சில் ஆயுத பூஜைச் சந்தனம், ஈரத்தில் இளகுகிறது, காரின் குறை அன்று. பிறகுதான் போனை எடுத்தேன். ஐந்து தவறிய அழைப்புகள். மணி இரண்டே கால்.

"கடேசியா ஒரு தடவ நானே எடுத்துப் பேசிட்டேன் பாப்பா" என்றார் கடைக்கார அக்கா. "பயந்து போயிக் கேட்டுச்சு, எங்கயும் அடிபட்டுருச்சான்னு. அதெல்லாம் இல்ல, பாப்பா கூரைக்குள்ள தலைய விட்டுருக்கு, ஒரு நிமிஷம்னு சொல்லச் சொல்லுச்சுன்னு சொன்னேன். செரித்தானே?"

திரும்பக் கூப்பிட்டேன். அண்ணி எடுக்கவில்லை.

உடும்பஞ்சோலை போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்து. வழியெல்லாம் ஏலக்காய் வாசனை. அண்ணியின் வீட்டை ஒட்டி ஏலக்காய் உலர்த்தும் கட்டடம் உண்டு, ஸ்டோர் என்பார்கள். அதன் புகைபோக்கி புகைந்துகொண்டிருந்தது. பெரியப்பாவும் மாமாவும் நாலு மணிப் பஸ்ஸுக்குப் போய்விட்டிருந்தார்கள். வாசலில் பத்துப் பன்னிரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் வட்டமாகக் காலியாகக் கிடந்தன.

அண்ணியின் அப்பா வாசலுக்கு வந்தார். "வாங்க மாப்ள. வா தாயி. மொதல்ல சாப்புடுங்க" என்றார். மத்தியானத்துக்குச் சமைத்த ஆட்டுக்கறிக் குழம்பைச் சூடாக்கிப் போட்டார்கள். பத்துப் பேருக்குச் சமைத்தது. இலை நிறைய வைத்தார்கள். யாழினி கதவைப் பிடித்துக்கொண்டு அண்ணனைப் பார்த்தது. அவன் கையை நீட்டினான். அது யோசித்துவிட்டு, என் சுடிதாரில் ஒட்டியிருந்த கிரீஸைத் தொட வந்தது. நனைந்த சேலையும் மற்ற தட்டுகளும் நடையில் வரிசையாக இருந்தன. யாரும் அவற்றை உள்ளே எடுக்கவில்லை.

அண்ணி என்னிடம் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார். "பட்டியல்?"

நோட்டிலிருந்து கிழித்துக் கொடுத்தேன். மூன்று பக்கம். கொஞ்சம் பெருமையோடுதான் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் காலை அண்ணி என்னை ஸ்டோருக்குள் கூட்டிப் போனார். உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. தட்டுத் தட்டாகப் பச்சை ஏலக்காய். அண்ணி அதைக் கையால் கிளறிவிட்டபடியே பேசினார்.

"சந்தனம்னு எழுதிருக்க. யாரு வச்சான்னு எழுதல. அதுக்கு ஒனக்குப் புண்ணியம்."

"அண்ணி, அது யாரோட தப்பும் இல்ல. ஸ்விட்ச் அங்கே இருக்கும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு ஒங்கிட்ட யாரும் சொல்லலயா?"

இல்லை என்றேன். அண்ணி சொன்னார்.

பூஜை முடிந்து மூன்று வாரம் இருக்கும். சாயங்காலம். கார் வாசலில் திறந்து கிடந்திருக்கிறது. மழை வந்திருக்கிறது. யாழினிக்குக் காலையிலிருந்து காய்ச்சல். அண்ணி தூக்கி வைத்திருக்கும்போதே உடம்பு விறைத்து, கண் மேலே செருகி, வெட்டி வெட்டி இழுத்திருக்கிறது. அண்ணி கத்திக்கொண்டு வாசலுக்கு ஓடியிருக்கிறார். அண்ணன் காரில் உட்கார்ந்து பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தான். கூரை பாதியில் நின்றிருந்தது.

"ஒரு நிமிஷம் ரேவதி, மூடிருச்சுன்னாப் போயிரலாம்னாரு. பிள்ளையப் பாருங்கன்னேன். ஒரு நிமிஷம்னாரு. கூரையத்தேன் பாத்தாரு, மதி. நனைஞ்சா நனையட்டும், அப்பிடியே எடுங்கன்னு காலப் புடிக்காத கொறையாக் கத்துறேன். ஒரு நிமிஷம். ஒரு நிமிஷம்."

அண்ணி குழந்தையோடு மழையில் ரோட்டுக்கு ஓடி, வந்த வண்டியை மறித்திருக்கிறார். தோப்புகளில் கள் எடுத்துக்கொண்டு போகிற வண்டி. அதில் ஏறிப் போய்த்தான் ஆஸ்பத்திரி சேர்ந்திருக்கிறார். குழந்தைக்கு அதன்பின் ஒன்றும் இல்லை. காய்ச்சலில் சில பிள்ளைகளுக்கு அப்படி வருமாம். "ரெண்டு நாள் குளிப்பாட்டியும் பிள்ள மேல கள்ளு வாடை போகல" என்றார்.

அண்ணி அடுத்த தட்டை இழுத்துக் கிளறினார்.

"ஒவ்வொரு கீலுக்கும் ஏன் சந்தனம் வச்சேன் தெரியுமா? பிள்ள விரல் அதுல மாட்டிரக் கூடாது, சாமி நீதான் பாத்துக்கணும்னு, மூடுற எடம் எதெதுன்னு தேடித் தேடி வச்சேன்."

அண்ணி அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் செய்வதற்கு ஏதாவது இருந்திருக்கும்.

"நேத்து ராத்திரி ஒங்கண்ணன் ஒரே பேச்சு எங்கிட்டப் பேசுனாரு. 'பாத்தியா, காரணம் கண்டுபுடிச்சாச்சு'ன்னு. ஆமா, கண்டுபுடிச்சாச்சு. இனிமே ஆயுசுக்கும் அது நான் வச்ச சந்தனந்தேன்."

"அந்த வரியை அடிச்சுடறேன் அண்ணி."

"எதுக்கு? உண்மைதான?" மூன்று பக்கத்தையும் மடித்து என்னிடம் நீட்டினார். "நல்லாத்தேன் எழுதிருக்க. ஒண்ணு மட்டும் விட்டுப்போச்சு. நேத்து எத்தன தடவ கூப்புட்டேன்?"

"ஆறு."

"நீ என்ன சொன்ன?"

நீட்டிய தாள்களை வாங்கிக்கொண்டேன்.

"அதையும் சேத்துக்க" என்றார் அண்ணி.

தட்டுகளை அவர்களே டிக்கியில் வைத்தார்கள். சேலையை உலர்த்தி, மடித்து, பழையபடி பூவோடு வைத்திருந்தார் அண்ணியின் அம்மா. வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று ஒரு பொட்டலம் ஏலக்காயும் சேர்த்தார். வெல்ல உருண்டையை மட்டும் அண்ணி எடுத்துக்கொண்டார். அண்ணன் அதை ஒரு நல்ல அறிகுறியாக எடுத்துக்கொண்டதை அவன் முகத்தில் பார்த்தேன். அண்ணியின் அப்பா கார் கதவை மூடிவிட்டு, "பாத்துப் போங்க மாப்ள" என்றார்.

மூணாறு வரை எங்கேயும் சாப்பிடவில்லை. பள்ளிவாசலில் அந்த டீக்கடையைக் கடந்தபோது அக்கா கையசைத்தார். நான் மறுபக்கம் பார்த்துக்கொண்டேன். பிறகு அண்ணன் கேட்டான்:

"அன்னைக்கு நடந்தத ரேவதி சொன்னாளா?"

"சொன்னாங்க."

மழை பிடித்தது, வைப்பரைப் போட்டான். "பயந்துட்டேன் அம்மிணி. பாப்பா அப்படி ஆனதப் பாத்ததும் கையும் காலும் ஓடல. என்ன பண்றதுன்னு தெரியல. கையில அந்த ஸ்விட்ச்சுதான் இருந்துச்சு."

"இதை அண்ணிகிட்டச் சொன்னியா?"

"எப்படிச் சொல்றது?" என்றான். "கூரை செரியாப் போச்சுன்னாத் தெரிஞ்சுக்குவான்னு நெனச்சேன்."

காரைத் திருப்பு, போய்ச் சொல் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நானும் கூரையைச் சரிசெய்தவள்தானே.

மறையூர் தாண்டி மழை விட்டது. நல்ல மஞ்சள் வெயில். அண்ணன் ஓரங்கட்டிப் பொத்தானை அழுத்தினான். கூரை அசையவில்லை, பீப் என்றது. டிக்கியில் சாமான் இருக்கிறது என்று முன்னாலிருந்த திரையில் எழுத்து வந்தது. அவன் இறங்கினான். டிக்கியைத் திறந்து ஒவ்வொரு தட்டாக எடுத்து, பின் சீட்டில், யாழினி உட்கார வேண்டிய இடத்தில், கவனமாக அடுக்கினான். ஏழு தட்டுகள். பெல்ட்டை இழுத்து மாட்டினான். வந்து உட்கார்ந்து மறுபடி அழுத்தினான்.

கூரை எழுந்து, மடிந்து, உள்ளே போய்ப் படுத்தது. ஒரு தடங்கலும் இல்லை.

"பாத்தியா?" என்றான்.

மடித்த தாள்களைப் பிரித்து, கெட்டது பக்கத்தின் அடியில் எழுதினேன்: கூரை நின்றுவிட்டால், அதைச் சரிசெய்கிறவர் யார் கூப்பிட்டாலும் 'ஒரு நிமிஷம்' என்கிறார்.

எண் போடவில்லை. பின் சீட்டில் வெயில் நேராக விழுந்துகொண்டிருந்தது. வாழைப்பழம் கறுக்க ஆரம்பித்திருந்தது.